தடகள ரசனை

இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை உலகத்தின் ஏதேனும் ஒரு நகரத்தில், மனிதர்கள் ஓடுவதையும் தாண்டுவதையும் எறிவதையும் பார்ப்பதற்கென்றே லட்சக்கணக்கான ஜனங்கள் கூடி, ஒன்பது நாட்கள் காலையும் மாலையும் அரங்கத்தின் படிவரிசைகளில் உட்கார்ந்து, ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குக்காகவும் ஒரு விரற்கடைத் தூரத்துக்காகவும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். உலகத் தடகள சாம்பியன்ஷிப் என்று பெயர் பெற்ற அந்த விழாவில் யார் எந்தப் பதக்கத்தைப் பெற்றார் என்பதை மறுநாள் பத்திரிகையில் படித்து அறிந்துகொள்கிறோம். அந்தப் படிவரிசைகளில் உட்கார்ந்திருந்த ஜனங்களைப் பற்றி மட்டும் நாம் அதிகமாகக் கேள்விப்படுவதில்லை. விளையாட்டு ரசிகர்கள் என்னும் பெரிய குலத்தில் தடகள ரசிகர்கள் ஒரு தனிக் கிளையினர். அவர்களுடைய ரசனை எத்தகையது, எவ்வாறு வளர்ந்தது, அதை நாமும் எவ்வாறு பெறலாம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரசிகர்கள் இருப்பதற்கும் இல்லாமற் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஜப்பானின் தலைநகரமாகிய டோக்கியோ நன்றாக அறியும். 2021-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் அங்கே நடந்தபோது, பெருந்தொற்றின் காரணமாகத் தேசிய அரங்கத்தின் கதவுகள் பொதுமக்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. ஆகஸ்ட் 7-ஆம் தேதி நம் நாட்டின் நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் தூரம் ஈட்டியை எறிந்து, தடகளத்தில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற அந்த மகத்தான மாலையில், அதைக் கண்டு எழுந்து நின்று ஆர்ப்பரிக்க வேண்டிய பல்லாயிரம் ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பரில், அதே அரங்கத்தில் உலக சாம்பியன்ஷிப் நடந்தபோது, ஒன்பது நாட்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து அமர்ந்தார்கள். மூன்றாம் நாள் இரவு ஸ்வீடன் நாட்டு வீரர் அர்மாண்ட் டுப்ளான்டிஸ், கோலூன்றித் தாண்டுதலில் தங்கப் பதக்கம் தமக்கே என்பது உறுதியான பின்னும் ஓய்ந்துவிடாமல், குறுக்குக் கம்பியை 6.30 மீட்டர் உயரத்துக்கு ஏற்றச் சொல்லி, இரண்டு முறை தவறி, மூன்றாம் முயற்சியில் அதைத் தாண்டித் தமது பதினான்காவது உலக சாதனையை நிலைநாட்டினார். யாருக்குத் தங்கம் என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகும் அந்தக் கூட்டம் கலையாமல் காத்திருந்ததே, அதுதான் தடகள ரசிகருடைய முதல் லட்சணம். வெற்றி யாருக்கு என்பதோடு அவருடைய ஆவல் தீர்ந்துவிடுவதில்லை. மனித உடல் எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு உயரம் எழும் என்பதையும் தம் கண்ணால் கண்டறிய அவர் விரும்புகிறார்.

இந்த விழா அவ்வளவு பழமையானதன்று. 1912-இல் தோன்றிய சர்வதேசத் தடகள சம்மேளனம், நெடுங்காலம் வரை ஒலிம்பிக் போட்டியே தடகளத்தின் உலகப் போட்டியாகவும் விளங்கட்டும் என்று விட்டிருந்து, 1983-இல்தான் தனக்கென்று ஒரு முழுமையான விழாவை ஃபின்லாந்தின் தலைநகரமாகிய ஹெல்சிங்கியில் தொடங்கிவைத்தது. முதலில் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடந்துவந்தது, 1991-க்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையாயிற்று. தொடக்கத்துக்கு ஹெல்சிங்கியைத் தேர்ந்தது மிகப் பொருத்தமான காரியம். ஒன்பது ஒலிம்பிக் தங்கங்களை வென்ற பாவோ நூர்மி என்ற நெடுந்தூர ஓட்டக்காரருக்கு அரங்கத்தின் வாயிலிலேயே சிலை வைத்திருக்கும் தேசம் அது; ஈட்டி எறிதலைத் தங்கள் குலவித்தை போலப் போற்றுகிறவர்கள் அதன் மக்கள். அந்த முதல் விழாவில், பெண்களுக்கான ஈட்டி எறிதலில், பிரிட்டனின் ஃபாத்திமா விட்பிரெட் முதல் எறிதலிலேயே 69.14 மீட்டரைத் தொட்டு முன்னணியில் நின்றுவிட்டார். ஃபின்லாந்தின் டீனா லில்லாக் ஐந்து முறை எறிந்தும் அதை எட்ட இயலவில்லை. ஒரே ஒரு வாய்ப்பு மிஞ்சியிருந்த நிலையில், அரங்கம் முழுவதும் தம் பெயரைச் சொல்லிக் கூவ, ஓடிவந்து அவர் எறிந்த ஈட்டி 70.82 மீட்டரில் போய் ஊன்றி நின்றது. அந்த விழாவில் ஃபின்லாந்துக்குக் கிடைத்த ஒரே தங்கம் அது. ஈட்டி தரையைத் தொட்ட அந்தக் கணத்தில் எழுந்த ஆரவாரத்தைப் பற்றி, வயது முதிர்ந்த ரசிகர்கள் இன்றும் பேசி மகிழ்கிறார்கள்.

தடகளம் பார்ப்பதற்கு எளிமையாகத் தோன்றினாலும், அதைப் பின்தொடர்வதற்குப் பயிற்சி வேண்டும். கால்பந்தாட்டத்தில் பந்து எங்கே போகிறதோ அங்கே கண் போனால் போதும். தடகள அரங்கத்திலோ, நானூறு மீட்டர் வட்டப்பாதையில் ஓர் ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, உள்வெளியில் ஒரு மூலையில் ஒருவர் குண்டு எறிவார்; எதிர் மூலையில் ஒருவர் உயரம் தாண்டுவார்; ஆசன வரிசையை ஒட்டிய மணற்குழியில் ஒருவர் மும்முறை தாண்டுதலுக்கு அடியெண்ணிக் கொண்டிருப்பார். புதிதாக வந்தவர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திகைத்து, ஓட்டம் முடிந்ததும் கைதட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார். பழகிய ரசிகரோ, துப்பாக்கி ஒலிக்கும் போது ஓடுதளத்தையும், முதல் திருப்பம் கடந்தவுடன் மணற்குழியையும், கடைசிச் சுற்றின் மணி அடிக்கும் போது மீண்டும் ஓடுதளத்தையும் பார்த்து, இடையிடையே அறிவிப்புப் பலகையின்மீதும் ஒரு கண் வைத்திருப்பார். வெள்ளைக் கொடி உயர்ந்தால் தாண்டுதல் செல்லும், சிவப்புக் கொடி உயர்ந்தால் செல்லாது என்பதைக் கண்டுகொண்டு, நடுவர்கள் தூரத்தை அளந்து அறிவிப்பதற்கு முன்பே தம் மனத்துக்குள் ஓர் அளவு போட்டுவிடுவார்.

இசைக் கச்சேரியில் நெடுநாள் பழகிய ரசிகர் ஒருவரை நாம் இதற்கு உவமையாகக் கொள்ளலாம். வித்துவான் ஆலாபனையின் முதற்பிடியை எடுத்தவுடனேயே அவர் ராகத்தைத் தெரிந்துகொள்கிறார்; தொடையில் தாளத்தைக் கணக்குத் தவறாமல் போட்டுக்கொண்டே, கடினமான ஓர் இடத்தை வித்துவான் லாகவமாகக் கடந்துவருகிறபோது, அருகிலிருப்பவர் உணர்வதற்கு முன்பே தலையை அசைத்துவிடுகிறார். அவருடைய இன்பம் ஞானத்திலிருந்து பிறக்கிறது. அந்த ஞானமோ பல்லாண்டுகள் பொறுமையாகக் கேட்டதனால் வந்தது. தடகள ரசிகரும் அப்படியே. எண்களும் விதிகளும் அவருக்கு வறண்ட விஷயங்களல்ல. அவைதாம் அவருடைய ராகமும் தாளமும்.

இதற்கு உதாரணமாக 1991 ஆகஸ்ட் 30-ஆம் தேதியைச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன டோக்கியோ அரங்கம் இருக்கும் அதே இடத்தில் முன்பு நின்ற பழைய அரங்கத்தில், அன்று ஆண்களின் நீளம் தாண்டுதல் இறுதிப் போட்டி நடந்தது. அமெரிக்காவின் பாப் பீமன் 1968-இல் மெக்ஸிகோ நகரத்தில் தாண்டிய 8.90 மீட்டர், ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகளாக யாராலும் மிஞ்ச முடியாமல் நின்றிருந்தது. பத்தாண்டுகளாகத் தோல்வியே அறியாத கார்ல் லூயிஸ், நான்காம் முறையில் 8.91 மீட்டரைத் தாண்டினார். அறியாதவர்கள் சாதனை முறிந்துவிட்டது என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் முதுகுப்புறமிருந்து வீசும் காற்று நொடிக்கு 2 மீட்டர் வேகத்தை மீறினால், அந்த அளவு போட்டியில் செல்லுபடியாகுமேயன்றிச் சாதனைப் பட்டியலில் ஏறாது என்பது விதி. லூயிஸ் தாண்டிய போது காற்று 2.9 மீட்டர் வேகத்தில் வீசியது. அடுத்த சுற்றில் மைக் பவல் ஓடிவந்து தாண்டிய போது காற்று கிட்டத்தட்ட அடங்கி, 0.3 மீட்டர் வேகமே இருந்தது. அவர் தாண்டிய தூரம் 8.95 மீட்டர். அதோடும் போட்டி முடிந்துவிடவில்லை. லூயிஸுக்கு இன்னும் இரண்டு வாய்ப்புகள் இருந்தன, அவர் 8.87 என்றும் 8.84 என்றும் தாண்டினார். வேறெந்த நாளிலும் தங்கத்தைத் தந்திருக்கக்கூடிய அந்த அளவுகள் அன்று வெள்ளியையே தந்தன. காற்றளவுக் கருவியின் எண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கு அன்றைய மாலை ஒரு மகாகாவியம். தெரியாதவருக்கு இருவர் மணலில் குதித்த சம்பவம். பவல் நிறுவிய அந்த உலக சாதனை இன்றளவும் நிற்கிறது.

இத்தகைய ஞானத்தைச் சேகரித்து உலகத்துக்கு வழங்கியவர்களும் பெரும்பாலும் சம்பளம் வாங்கிய உத்தியோகஸ்தர்கள் அல்லர், வெறும் அபிமானிகள்தாம். 1948-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பெர்ட் நெல்சன், கார்ட்னர் நெல்சன் என்ற இரு சகோதரர்கள், தடகளத்தின்பால் தங்களுக்கிருந்த பிரேமையையே முதலாகக் கொண்டு ‘டிராக் அண்ட் ஃபீல்டு நியூஸ்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். அதன் வாசகர்கள் கூட்டமாகச் சேர்ந்து பெரும் போட்டிகளுக்குப் பிரயாணம் செய்வது பின்னாளில் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. 1950-இல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் நடந்தபோது, பல தேசங்களிலிருந்து வந்திருந்த சில ரசிகர்கள் ஒன்றுகூடி, தடகளப் புள்ளிவிவர வல்லுநர்களுக்கென்று ஒரு சர்வதேச சங்கத்தை நிறுவினார்கள். இத்தாலியரான ராபெர்த்தோ குவெர்செத்தானி அதன் முதல் தலைவர். கணினி கண்ணிலும் படாத அந்தக் காலத்தில், எந்த ஊரில் யார் எந்தத் தேதியில் எவ்வளவு நேரத்தில் ஓடினார் என்பதை அயல்நாட்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டறிந்து, பத்திரிகைத் துணுக்குகளை ஒட்டிவைத்து, ஆண்டுதோறும் உலகத் தரவரிசைப் பட்டியலை அவர்கள் அச்சிட்டார்கள். இன்று தொலைக்காட்சியில் ஒரு வீரர் கோட்டில் வந்து நின்றவுடன் அவருடைய தனிச்சிறந்த நேரமும் அந்த ஆண்டின் சிறந்த நேரமும் நம் கண்முன் தோன்றுகின்றனவே, அந்தச் சௌகரியத்தின் அஸ்திவாரத்தில் இந்த அபிமானிகளின் உழைப்பும் இருக்கிறது.

தடகள ரசிகருடைய மற்றொரு விசேஷம், ஆரவாரத்தையும் நிசப்தத்தையும் அவர் ஒருங்கே அறிந்திருப்பது. நீளம் தாண்டுகிறவரோ மும்முறை தாண்டுகிறவரோ ஓட்டத்தின் தொடக்கக் குறியில் நின்று இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினால், அரங்கம் முழுவதும் அதே கதியில் தட்டத் தொடங்கி, அவர் ஓடிவர ஓடிவரக் கதியைக் கூட்டிக்கொண்டே போய், அவர் பலகையை மிதித்து எழும்பும் கணத்தில் ஓய்கிறது. அமெரிக்காவின் மும்முறை தாண்டுதல் வீரர் வில்லி பேங்க்ஸ், 1981-இல் ஸ்டாக்ஹோம் நகரத்தில் நடந்த போட்டியொன்றில் கூட்டத்தைத் தம்மோடு சேர்ந்து தட்டவைத்ததிலிருந்து இது உலகமெங்கும் பரவியது என்பார்கள். இதற்கு நேர்மாறானது குறுந்தூர ஓட்டத்தின் தொடக்கம். எட்டுப் பேர் குனிந்து விரல்களைத் தரையில் ஊன்றியவுடன், அறுபதாயிரம் பேர் அமர்ந்திருக்கும் இடத்தில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும்படியான மௌனம் வந்து கவிகிறது. துப்பாக்கி ஒலிக்கு முன் அசைந்தவர் உடனே விலக வேண்டும் என்ற கடுமையான விதியினால் அந்த மௌனத்தில் அச்சமும் கலந்திருக்கும். 2011-இல் தென்கொரியாவின் டேகு நகரத்தில் நூறு மீட்டர் இறுதி ஓட்டத்தில் உசைன் போல்ட்டே அவ்வாறு முந்தி அசைந்து வெளியேற்றப்பட்ட போது, உலகத்தின் அதிவேக மனிதரைக் காண்பதற்கென்றே வந்திருந்த கூட்டம் ஸ்தம்பித்துப் போயிற்று. எனினும் விதி என்பது யாருக்கும் விதியே என்பதை அங்கிருந்த அனைவரும் ஏற்றுக்கொண்டார்கள்.

இனி, தடகள ரசிகரிடம் நான் மிக உயர்ந்ததாகக் கருதும் குணத்தைச் சொல்கிறேன், அது தாராளம். தம் தேசத்தவர் வெல்ல வேண்டும் என்று விரும்பாதவர் யாரும் இல்லை. ஆயினும் நாற்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகளும் இருநூறை எட்டும் தேசங்களும் உள்ள ஒரு விழாவில், சொந்தக் கொடியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒன்பது நாட்களில் பெரும்பகுதி வீணாகிவிடும். ஆகவே அவருடைய அபிமானம் தானாகவே விரிகிறது. 1993-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் நடந்த சாம்பியன்ஷிப்பில், பெண்களின் நூறு மீட்டரில் அமெரிக்காவின் கெயில் டெவர்ஸும் ஜமைக்காவின் மெர்லின் ஓட்டியும் ஒன்றாகவே கோட்டைக் கடந்தார்கள். கடிகாரம் இருவருக்கும் 10.82 வினாடி என்றே காட்டியது. புகைப்படத்தை நுணுகி ஆராய்ந்த நடுவர்கள் தங்கம் டெவர்ஸுக்கு என்றார்கள். ஆண்டுக்கணக்கில் பெரும் போட்டிகளில் தங்கத்தின் வாசல் வரை வந்து திரும்பிக்கொண்டிருந்த ஓட்டி வெள்ளிப் பதக்கத்தைப் பெறுவதற்கு மேடையேறிய போது, அவருடைய தேசத்தவரல்லாத அந்த ஜெர்மானியக் கூட்டம் எழுந்து நின்று நெடுநேரம் ஓயாமல் கைதட்டியது. சில நாட்கள் கழித்து இருநூறு மீட்டரில் அவர் தங்கத்தை வென்ற போது, அந்தக் கூட்டம் தன் வீட்டுப் பெண் வென்றதாகவே கொண்டாடியது.

2017-இல் லண்டனில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி இதைவிடவும் அபூர்வமானது. போட்ஸ்வானா நாட்டு ஐசக் மக்வாலா, விடுதியில் பரவிய வயிற்றுநோயின் காரணமாகத் தனிமைப்படுத்தப்பட்டு, இருநூறு மீட்டர் தகுதிச் சுற்றில் ஓட அனுமதிக்கப்படவில்லை. பின்னர் அதிகாரிகள் மனம் மாறி, அவர் தனியாக ஓடி 20.53 வினாடிக்குள் முடித்தால் அரையிறுதியில் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார்கள். மழை பெய்துகொண்டிருந்த மாலையில், மற்றப் பாதைகளெல்லாம் காலியாக இருக்க, ஒரே ஒரு மனிதர் கடிகாரத்தோடு பந்தயம் ஓடினார். அவர் யார், எந்த ஊர் என்று முதல்நாள் வரை அறிந்திராதவர்கள் கூட எழுந்து நின்று அவரை உற்சாகப்படுத்தினார்கள், அவர் 20.20 வினாடியில் முடித்து, அன்றே அரையிறுதியிலும் ஓடி, இறுதிச் சுற்றுக்கும் தேறினார். 2019-இல் டோஹா நகரத்தில் ஐயாயிரம் மீட்டர் தகுதிச் சுற்றில், அரூபா நாட்டு ஜோனதன் பஸ்பி தளர்ந்து விழும் நிலைக்கு வந்துவிட, கினி-பிஸ்ஸாவ் நாட்டு பிராய்மா டாபோ தம் நேரத்தைப் பற்றிய கவலையை விட்டு, அவரைத் தோளோடு அணைத்து எல்லைக்கோடு வரை கொண்டுவந்து சேர்த்தார். எல்லோருக்கும் கடைசியாக வந்த அவ்விருவருக்கும் கிடைத்த கரகோஷம், முதலில் வந்தவருக்குக் கிடைத்ததைவிடப் பெரிது.

இந்தத் தாராளத்துக்கு எல்லை இல்லாமலும் இல்லை. ஊக்கமருந்துக் குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்துத் திரும்பிய ஜஸ்டின் காட்லின், லண்டனில் 9.92 வினாடியில் நூறு மீட்டரை வென்று, மூன்றாமிடம் பெற்ற போல்ட்டை அவருடைய கடைசித் தனிப் பந்தயத்தில் தோற்கடித்த போது, அரங்கம் வெறுப்பொலி எழுப்பியது. எண்களை நேசிக்கிறவர்களுக்கு அந்த எண்கள் உண்மையானவையா என்ற சந்தேகத்தைவிடப் பெரிய வேதனை வேறு கிடையாது. அந்த வேதனையின் குரலாக அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனாலும் தண்டனையை முடித்து விதிப்படி ஓட வந்தவரைப் பழிப்பது தகுமா என்ற கேள்வியை, காட்லினைத் தழுவிக்கொண்ட போல்ட்டே தம் செய்கையால் எழுப்பிவிட்டார். அன்று வீரரிடம் காணப்பட்ட பெருந்தன்மையைக் கூட்டமும் கற்றுக்கொண்டிருந்தால் அந்த இரவு இன்னும் நினைக்கத்தக்கதாயிருக்கும்.

தொடர்ந்து பின்பற்றுகிறவருக்குத்தான் இந்த விழாவின் முழுச் சுவையும் கிட்டும் என்பதற்கு 2023 ஆகஸ்டில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தில் நடந்த சாம்பியன்ஷிப் ஓர் அழகிய சான்று. டான்யூப் நதிக்கரையில் புதிதாக எழுப்பப்பட்ட அரங்கத்தில், முதல்நாள் மாலை பெண்களின் பத்தாயிரம் மீட்டரில் நெதர்லாந்தின் சிஃபான் ஹஸன் கடைசிச் சில மீட்டர்களில் இடறி விழுந்தார். அதே மாலை கலப்புத் தொடர் ஓட்டத்தில், முன்னணியில் ஓடிவந்த அதே நாட்டின் ஃபெம்கே போல், எல்லைக்கோட்டுக்கு இரண்டொரு தப்படி இருக்கையில் கால் தளர்ந்து வீழ்ந்து, கையிலிருந்த கோலையும் நழுவவிட்டார். செம்மஞ்சள் உடையணிந்து வந்திருந்த டச்சு ரசிகர்களின் துயரத்தைச் சொல்லி முடியாது. ஆனால் அவர்கள் ஊர் திரும்பிவிடவில்லை. ஐந்து நாட்கள் கழித்து நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில் அதே ஃபெம்கே போல் 51.70 வினாடியில் தங்கத்தை வென்றார். இறுதி நாளின் இறுதிப் பந்தயமாகிய பெண்களின் தொடர் ஓட்டத்தில், மூன்றாவதாக ஓடிவந்துகொண்டிருந்த அவர், கடைசி நேரத்தில் பிரிட்டனையும் ஜமைக்காவையும் முந்தித் தம் தேசத்துக்கு வெற்றியைத் தேடித்தந்தார். முதல்நாள் வீழ்ச்சியைக் கண்டிருந்தவருக்கு இறுதிநாள் எழுச்சி எத்தனை மடங்கு இனித்திருக்கும்!

அந்த நகரத்து ரசிகர்களின் சொந்தப் பிரியம் சம்மட்டி எறிதலின்மீது. 1948-இல் இம்ரே நேமெத், 1952-இல் யோஷெஃப் செர்மாக், 1968-இல் டியூலா ஜிவோட்ஸ்கி, 1996-இல் பாலாஜ் கிஷ், 2012-இல் கிரிஸ்டியன் பார்ஷ் என்று வழிவழியாக ஒலிம்பிக் தங்கங்களைக் கண்ட தேசம் அது. வேறு நாடுகளில் பலர் கவனியாமல் விட்டுவிடும் இந்தப் போட்டியை, அவர்களுடைய தேசியத் திருநாளாகிய ஆகஸ்ட் 20-ஆம் தேதி மாலை, அரங்கம் கண்கொட்டாமல் பார்த்தது. அவர்களுடைய பென்ஸ் ஹலாஸ் 80.82 மீட்டர் எறிந்து வெண்கலமே பெற்றார். கனடாவிலிருந்து வந்த இருபத்தொரு வயது ஈத்தன் காட்ஸ்பெர்க் 81.25 மீட்டர் எறிந்து தங்கத்தைக் கொண்டுபோனார். ஒரு விளையாட்டு ஒரு தேசத்தின் ஞாபகத்தில் வேரூன்றியிருந்தால், அதை ஆடும் அந்நியரின் திறமையையும் அத்தேசம் மதிக்கிறது.

அதே புடாபெஸ்ட்டில்தான் நீரஜ் சோப்ரா, முதல் எறிதல் தவறாகிப் போக, இரண்டாம் எறிதலில் 88.17 மீட்டரைத் தொட்டு, உலக சாம்பியன் பட்டத்தை இந்தியாவுக்கு முதன்முறையாகப் பெற்றுத்தந்தார். நம் ஊர்க் கடிகாரத்தில் அப்போது நள்ளிரவு கடந்துகொண்டிருந்தது; அதற்காகவே விழித்திருந்த வீடுகள் நம் நாட்டில் ஏராளம். 87.82 மீட்டர் எறிந்து வெள்ளி பெற்ற பாகிஸ்தானின் அர்ஷத் நதீமைத் தம் பக்கத்தில் வந்து நிற்கும்படி நீரஜ் அழைத்த காட்சியை இரு தேசங்களிலும் ஜனங்கள் கண்டு நெகிழ்ந்தார்கள். போட்டி முடிந்தபின் ஹங்கேரியப் பெண்மணி ஒருவர், இந்தியில் பேசி, இந்திய தேசியக் கொடியொன்றை நீட்டி அதில் கையெழுத்திடுமாறு கேட்டார். கொடியில் எழுதுவது முறையன்று என்று மரியாதையாக மறுத்த நீரஜ், அவர் அணிந்திருந்த சட்டையின் கைப்பகுதியில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். எங்கோ ஐரோப்பாவின் நடுவே பிறந்த ஒருவர் அரியானாக் கிராமத்து வீரரிடம் கையெழுத்துப் பெறுவதற்காக அவருடைய மொழியில் பேசிக்கொண்டு நின்றாரென்றால், தடகள ரசனையின் எல்லையற்ற தன்மைக்கு அதைவிட வேறு அத்தாட்சி எதற்கு?

அந்த விழாவில் நாம் பெருமைப்படத்தக்க இன்னொரு விஷயமும் நடந்தது. ஆண்களின் நான்கு நானூறு மீட்டர் தொடர் ஓட்டத் தகுதிச் சுற்றில், முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல் ஆகியோருக்குப் பின் தமிழ்நாட்டின் ராஜேஷ் ரமேஷ் கடைசிக் கோலை வாங்கி ஓட, உலகத்தின் தலைசிறந்த அமெரிக்க அணியை ஒட்டியே வந்து, 2 நிமிடம் 59.05 வினாடியில் இந்திய அணி இரண்டாமிடம் பெற்று ஆசிய சாதனையைப் படைத்தது. மறுநாள் இறுதிச் சுற்றில் ஐந்தாமிடம். தகுதிச் சுற்றுகளைப் பொருட்படுத்தாமல் பதக்கப் பட்டியலை மட்டும் புரட்டுகிறவர்களுக்கு இந்த ஓட்டம் நடந்ததே தெரிந்திராது. அதே விழாவில் தூத்துக்குடி மாவட்டத்து இளைஞரான ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதல் இறுதிச் சுற்றில் நின்றதையும் பலர் கவனித்திரார்.

நமக்கு இந்த விளையாட்டில் வரலாறு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1958-இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டில், இலங்கையின் சார்பாக உயரம் தாண்டி, அந்நாட்டுக்கு முதல் ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 2003-இல் பாரிஸ் உலக சாம்பியன்ஷிப்பில் கேரளத்தின் அஞ்சு பாபி ஜார்ஜ் 6.70 மீட்டர் நீளம் தாண்டி வெண்கலம் வென்று, உலகப் போட்டியில் இந்தியாவின் முதல் பதக்கத்தைப் பெற்றார். வீரர்கள் தோன்றிக்கொண்டேயிருக்கிறார்கள், அவர்களைப் பார்க்கத் தெரிந்த ரசிகர்கள்தாம் நம்மிடையே இன்னும் போதிய அளவில் தோன்றவில்லை. வென்றவரை விமான நிலையத்தில் மாலையிட்டு வரவேற்க ஆயிரம் பேர் கூடுகிறோம். அவர் தகுதிச் சுற்றில் ஓடும்போது பார்க்கப் பத்துப் பேர் இருப்பதில்லை.

ரசிகர்கள் இல்லையென்றால் எத்தனை பெரிய விழாவும் சோபிக்காது என்பதை 2019-இல் டோஹா காட்டிற்று. ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃபிரேஸர்-பிரைஸ், குழந்தை பெற்றபின் திரும்பி வந்து 10.71 வினாடியில் நூறு மீட்டர் தங்கத்தை வென்று, தம் சிறுவனைத் தூக்கிக்கொண்டு வலம் வந்த போது, வரிசை வரிசையாக ஆசனங்கள் காலியாகக் கிடந்தன. அந்த அரங்கத்துக்கு உயிரூட்டியவர்களில், அங்கே பிழைக்க வந்திருந்த எத்தியோப்பிய, கென்யத் தொழிலாளர்களுக்குப் பெரும் பங்குண்டு. நெடுந்தூர ஓட்டங்கள் நடந்த இரவுகளில் கொடியும் பாட்டுமாக வந்து, தங்கள் ஊரின் ஓட்டக்காரர்களைச் சுற்றுக்குச் சுற்று அவர்கள் வாழ்த்தினார்கள். கத்தார் நாட்டு முதாஸ் பார்ஷிம் 2.37 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்ற இரவில் உள்ளூர் ஜனங்களும் திரண்டார்கள். இருக்கைகளைக் கட்டுவது பணத்தால் ஆகும். அவற்றில் அமர்ந்து விஷயமறிந்து கைதட்டுகிறவர்களை உண்டாக்குவது பணத்தால் ஆகாது.

ஆகவே அடுத்த உலக சாம்பியன்ஷிப் 2027-இல் பெய்ஜிங் நகரத்தில் நடக்கும்போது, வாசகர்கள் அதை முதல்நாள் காலைத் தகுதிச் சுற்றிலிருந்தே தொலைக்காட்சியில் பின்தொடர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடித்துக்கொள்ள முயல வேண்டாம். முதலில் ஏதேனும் ஒரு போட்டியை, ஈட்டி எறிதலையோ மும்முறை தாண்டுதலையோ, தேர்ந்துகொண்டு அதன் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பங்கேற்கிறவர்களின் பெயரையும் அவர்களுடைய தனிச்சிறந்த அளவையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எட்டாமிடத்தில் முடித்தாலும், தாம் வாழ்நாளில் எட்டியிராத அளவை அன்று எட்டியிருந்தால், அவர் ஏன் மைதானத்தில் துள்ளிக் குதிக்கிறார் என்பது அப்போது உங்களுக்குப் புரியும். அவருடைய சந்தோஷம் புரிந்த அன்றே நீங்கள் தடகள ரசிகர் ஆகிவிடுகிறீர்கள்.

பெய்ஜிங் வரை காத்திருக்கவும் தேவையில்லை. நம் மாவட்டத் தலைநகரங்களில் எல்லாம் ஆண்டுதோறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் தடகளப் போட்டிகள் நடக்கின்றன. பெரும்பாலும் பெற்றோரும் பயிற்சியாளரும் தவிர வேறு யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு நாள் அங்கே போய் உட்காருங்கள். நேரத்தைக் கணிக்கவும், கொடியின் நிறத்தைப் பார்க்கவும், அடுத்த தாண்டுதலின் அளவை ஊகிக்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். ஐயாயிரம் மீட்டரில் கடைசியாக வரும் பையன் எல்லைக்கோட்டைத் தொடும்வரை எழுந்திராமல் இருந்து அவனுக்காகவும் கைதட்டுங்கள். தன் பிரயத்தனத்தை அறிந்து பாராட்ட ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துகொண்ட அந்தப் பையன் மறுநாளும் பயிற்சிக்கு வருவான். நாளடைவில் அவனைப் போன்றவர்களிலிருந்துதான் உலக அரங்கத்தில் நிற்கும் நம் வீரர்கள் வர வேண்டும்.